எம்.பி. கணக்கும் நம்ம குழுக் கணக்கும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாமல் போன குழுக்கள் தங்கள் மாதக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



வழக்கமா பொதுக்குழுன்னா வங்கிக் கடன், தர ஆய்வு, தணிக்கை என்றுதான் பேசுவோம். இந்த முறை அதையெல்லாம் காலையிலேயே முடித்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் நம்ம எம்.பி.க்களைப் பற்றிப் பேசுவது என்று செயற்குழுவில் முடிவு செய்தோம். "அது எதுக்கு நமக்கு? குழுவுல அரசியல் பேசக் கூடாதுன்னு விதி இருக்கே" என்று சில அக்காமார் கேட்டீர்கள். கட்சி அரசியல் பேசக் கூடாது என்பது சரிதான். இந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுங்க, அந்தக் கட்சிக்குப் போடாதீங்கன்னு இந்த மேடையில யாரும் சொல்லப் போறதில்லை. ஆனால் நம்ம பேரைச் சொல்லி டெல்லிக்குப் போயிருக்கிறவர் யார், அங்கே என்ன கேட்கிறார், அவர் ஜெயிக்க ஆன செலவு யார் கொடுத்தது என்று தெரிந்துகொள்வது கட்சி அரசியல் இல்லை. குழுவில் ஊக்குநரிடம் ரொக்கப் புத்தகத்தை எடுத்துக் காட்டுங்கன்னு கேக்கறோமே, அது மாதிரிதான் இதுவும்.

குழுக்களுக்கு வரும்போது நாங்கள் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தோம். உங்க கவுன்சிலர் யாருன்னா பேரு டக்குனு வருது, வீடு எந்தத் தெருன்னுகூடச் சொல்றீங்க. எம்.எல்.ஏ. பேரு கொஞ்சம் யோசிச்சா வருது. எம்.பி.ன்னு கேட்டா, "ஜீப்புல நின்னு கும்பிட்டுக்கிட்டே போனாரே" என்பதோடு நின்றுவிடுகிறது. படித்த பெண் பிள்ளைகளும் இதில் தடுமாறுகிறார்கள். அதற்கு ஒரு காரணமும் இருக்கு. நம்ம பகுதி ஒரே பகுதியா இருந்தாலும் எம்.பி. தொகுதி ரெண்டு. அம்பத்தூர் சட்டமன்றத் தொகுதி, ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியில் சேர்ந்தது. மதுரவாயல், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம் எல்லாம் அதில்தான் வருது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் தனித் தொகுதியில் இருக்கு. அதில் திருவள்ளூர், மாதவரம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டியும் உண்டு. அம்பத்தூரில் ரயில் ஏறுகிற குழுவும் திருமுல்லைவாயலில் ஏறுகிற குழுவும் ஒரே பெட்டியில் வந்தாலும் எம்.பி. வேற வேற. 2008 தொகுதி சீரமைப்புக்குப் பிறகு 2009 தேர்தலில் இருந்து இப்படித்தான்.

முதலில் அம்பத்தூர் சகோதரிகளுக்கு. 2024 தேர்தலில் ஸ்ரீபெரும்புதூரில் ஜெயித்தவர் தி.மு.க.வின் டி.ஆர்.பாலு. 1941-ல் பிறந்தவர், மன்னார்குடிப் பக்கத்துக்காரர். 1986-ல் மாநிலங்களவைக்குப் போனார். பிறகு 1996, 1998, 1999, 2004 என்று நாலு முறை தென்சென்னையில் ஜெயித்தார். 2009-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து ஜெயித்தார். 2014-ல் தஞ்சாவூரில் நின்று தோற்றார். 2019-லும் 2024-லும் மறுபடி இங்கே. சுற்றுச்சூழல் துறையும், அப்புறம் 2004 முதல் 2009 வரை சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலை, கப்பல் துறையும் பார்த்த மத்திய அமைச்சர். ரோடு, பாலம், துறைமுகம் என்றுதான் அவர் பெயர் அதிகம் அடிபடும். சேது சமுத்திரத் திட்டம் 2005-ல் தொடங்கியது அவர் கப்பல் துறையில் இருந்தபோதுதான். அது நின்றுபோன கதையும் உங்களுக்குத் தெரியும்.

நமக்குக் கண்ணுக்கு முன்னால் இருக்கிற உதாரணம் மதுரவாயல் மேம்பாலம். சென்னைத் துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை பறக்கும் சாலைக்கு 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். அப்போது நெடுஞ்சாலைத் துறை பாலுவிடம் இருந்தது. 2012-ல் அன்றைய மாநில அரசு, தூண்கள் கூவத்தில் தண்ணீர் போவதைத் தடுக்கும் என்று வேலையை நிறுத்தியது. கோயம்பேட்டுப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஆற்றோரம் மொட்டையா நிற்கிற தூண்களைப் பாத்திருப்பீங்க. 2022 மே மாதம் ஈரடுக்குப் பாலமாக மாற்றி பிரதமர் மோடி மறுபடியும் அடிக்கல் நாட்டினார். ஒரே ரோட்டுக்கு ரெண்டு அடிக்கல், நடுவில் 13 வருஷம். டெல்லி ஒன்று நினைத்து, கோட்டை ஒன்று நினைத்தால் ஊருக்கு இதுதான் நடக்கும். எம்.பி. எவ்வளவு பெரிய அமைச்சராக இருந்தாலும் அவரால் மட்டும் ஒரு பாலத்தை முடித்துவிட முடியாது என்பதையும் நாம தெரிஞ்சு வெச்சுக்கணும். ஆனால் "ஏன் நின்னுச்சு, நீங்க என்ன செஞ்சீங்க" என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

இப்போது ஆவடி, பூந்தமல்லி சகோதரிகளுக்கு. 2009-லும் 2014-லும் அ.தி.மு.க.வின் பி.வேணுகோபால், 2019-ல் காங்கிரஸின் கே.ஜெயக்குமார், 2024-ல் காங்கிரஸின் சசிகாந்த் செந்தில். இவர் இன்ஜினியரிங் படித்து, 2009-ல் ஐ.ஏ.எஸ். ஆகி, கர்நாடகத்தில் வேலை பார்த்தவர். ராய்ச்சூரிலும் மங்களூர் இருக்கிற தட்சிண கன்னடா மாவட்டத்திலும் கலெக்டர். நாட்டின் ஜனநாயகத்துக்கு அடிப்படையான விஷயங்களே விட்டுக்கொடுக்கப்படும்போது பதவியில் தொடர்வது சரியில்லை என்று சொல்லி 2019 செப்டம்பரில் ராஜினாமா செய்தார். 2020-ல் காங்கிரஸில் சேர்ந்தார். 2024-ல் திருவள்ளூரில் 5 லட்சத்து 72 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். தமிழ்நாட்டில் அந்தத் தேர்தலில் இதுதான் பெரிய வித்தியாசம். கலெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து மனு வாங்கினவர் இப்போது மனு கொடுக்கிற இடத்துக்கு வந்திருக்கிறார். அரசு ஆபீஸில் கோப்பு எங்கே மாட்டிக்கும்னு அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவர் எதை முக்கியமாக நினைக்கிறார் என்று காட்டின ஒரு விஷயம், பள்ளிக்கூடப் பணம். சமக்ர சிக்ஷா என்கிற மத்தியத் திட்டத்தில் 2024-25க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் வரவில்லை. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்திலும் புதிய கல்விக் கொள்கையிலும் மாநிலம் கையெழுத்துப் போடாததே காரணம். அந்தப் பணத்தைக் கேட்டு 2025 ஆகஸ்ட் கடைசியில் திருவள்ளூரில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் தொடர்ந்தார். சில நாளில் முடித்துக்கொண்டார். தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடத்துக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த தாய்மார் இங்கேயே இருக்கீங்க. அந்த இடத்துக்கான பணமும் இதோடு சேர்ந்து சிக்கியிருந்ததுதான் அந்த வருஷச் சேர்க்கை தள்ளிப்போனதுக்குக் காரணம். உண்ணாவிரதம் சரியா, வேற வழி இருந்ததா என்று விவாதம் இருக்கலாம். நம்ம பிள்ளைகளைப் பற்றின விஷயம் என்பதில் விவாதம் இல்லை.

இன்னொரு செய்தி, பெண்களுக்கு. 1952-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் திருவள்ளூரிலிருந்து மக்களவைக்குப் போனவர்களில் ஒருவர் மரகதம் சந்திரசேகர். தாழ்த்தப்பட்ட சமுதாயத்தில் பிறந்த பெண். நேரு காலத்திலேயே சுகாதாரத் துறைத் துணை அமைச்சராக இருந்தவர். 1984-லிருந்து ஸ்ரீபெரும்புதூரில் ஜெயித்து வந்தவரும் அவர்தான். 1991 மே 21-ம் தேதி ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது அவருக்கு ஓட்டுக் கேட்கத்தான். ஆக, இந்தப் பகுதிக்குப் பெண் எம்.பி. புதுசில்லை. ஆனால் 2009-லிருந்து நடந்த நாலு தேர்தலில் ரெண்டு தொகுதியிலும் ஜெயித்த எல்லாரும் ஆண்கள். 2024-ல் தமிழ்நாட்டின் 39 பேரில் 5 பேர் பெண்கள், நாடு முழுக்க 543-ல் 74. மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று 2023-ல் சட்டம் நிறைவேறியபோது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று அதிலேயே எழுதி வைத்தார்கள்.

சரி, எம்.பி.யிடம் எதைக் கேட்பது? தெருக்குழாய், தெருவிளக்கு, சாக்கடைக்கு கவுன்சிலர். பட்டா, ரேஷன் கடை, அரசு ஆஸ்பத்திரி எல்லாம் மாநில அரசு, எம்.எல்.ஏ. எம்.பி.யிடம் கேட்க வேண்டியது வேறு. ரயில் அவரிடம். வங்கி அவரிடம். காஸ் சிலிண்டர், பி.எஃப்., தபால் ஆபீஸ், பாஸ்போர்ட் எல்லாம் அங்கே. அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனிக்குப் போகிற பெண்களுக்கு இ.எஸ்.ஐ. பற்றித் தெரியும். சம்பளம் 21,000 ரூபாய் தாண்டினா இ.எஸ்.ஐ. கிடையாது என்கிற வரம்பை முடிவு செய்து 2017-லிருந்து அமலுக்குக் கொண்டுவந்ததும் டெல்லிதான். ஆவடியில் டேங்க் ஃபேக்டரியும் ஓ.சி.எஃப்.பும் அரசு இலாகாவாக இருந்ததை 2021 அக்டோபர் 1 முதல் கம்பெனிகளாக மாற்றினதும் டெல்லிதான். அந்த வீட்டுப் பெண்கள் எத்தனை மாசம் தூக்கமில்லாம இருந்தீங்கன்னு எங்களுக்குத் தெரியும். நம்ம குழுக் கடனும் அப்படித்தான். பிணையில்லாமல் குழுவுக்குக் கொடுக்கிற கடன் வரம்பை 2021-ல் ரிசர்வ் வங்கி 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர்த்தியது. "மேலே சொல்லலை" என்று கிளை மேனேஜர் கையை விரித்தால், எம்.பி. ஒரு கடிதம் எழுதலாம், சபையில் ஒரு கேள்வி போடலாம்.

100 நாள் வேலையையும் இங்கேதான் சொல்லணும். பூந்தமல்லி ஒன்றியத்துக் கிராமங்களில் அதை நம்பி இருக்கிற உறுப்பினர்கள் நிறைய. 2005-ல் வந்த அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வேற சட்டம் கொண்டுவந்தது. நாள் 125 என்று எழுதியிருக்கு. ஆனால் செலவில் 40 சதவீதம் மாநிலம் போட வேண்டும் என்றும் எழுதியிருக்கு. முன்னால் கூலிப் பணம் முழுக்க மத்திய அரசு கொடுத்தது. இது நடக்குமா, எப்படி நடக்கும் என்று கேட்க வேண்டிய இடம் எம்.பி.தான். சபையில் அவர் கேட்ட கேள்வி, பேசின பேச்சு, எத்தனை நாள் வந்தார் என்ற வருகைப் பதிவு எல்லாம் மக்களவை இணையதளத்தில் ஒவ்வொருத்தர் பேரிலும் இருக்கு. காலேஜ் போகிற பிள்ளை இருந்தால் பத்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிடும். நம்ம வருகைப் பதிவேட்டில் மூணு கூட்டம் வராதவங்களுக்கு அபராதம் போடறோம் இல்லையா?

எம்.பி. நிதியைப் பற்றி ஒரு வார்த்தை. வருஷத்துக்கு 5 கோடி. 1993-ல் தொடங்கின திட்டம், 2011-லிருந்து இந்தத் தொகை. அந்தப் பணம் எம்.பி. கையில் வராது. அவர் வேலையைப் பரிந்துரை செய்வார், கலெக்டர் வழியாகத்தான் செலவு. 15 சதவீதம் தாழ்த்தப்பட்டோர் வாழும் பகுதிக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிக்கும் போக வேண்டும். அங்கன்வாடிக் கட்டடம், ஆரம்பப் பள்ளி வகுப்பறை, பஸ் நிழற்குடை கேட்கலாம். சொந்த வீட்டுக்குக் கேட்கக் கூடாது. ஒரு தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதி. 5 கோடியை ஆறால் வகுத்துப் பார்த்தால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு கோடிகூடத் தேறாது. அதனால் கேட்பதை யோசித்து, எழுதிக் கேட்கணும்.

இனி பணக் கணக்குக்கு வருவோம். நாங்கள் இந்தத் தலைப்பை எடுத்ததே இதுக்காகத்தான்.

மக்களவைத் தேர்தலில் ஒரு வேட்பாளர் செய்யலாம் என்று தமிழ்நாட்டில் வைத்திருக்கிற செலவு வரம்பு 95 லட்சம் ரூபாய். 2022-ல் உயர்த்தினது இது. அதற்கு முன் 70 லட்சம், பிறகு 77 லட்சமாக இருந்தது. திருவள்ளூரில் 2024-ல் வாக்காளர் 20 லட்சத்துக்கு மேல். 95 லட்சத்தை 20 லட்சம் பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 5 ரூபாய்கூட வரலை. ஸ்ரீபெரும்புதூரில் 23 லட்சத்துக்கு மேல், அங்கே இன்னும் குறைவு. டீக்கடையில் ஒரு டீ வாங்க முடியாத காசு. இப்போ நீங்க சொல்லுங்க, போன தேர்தல்களில் நம்ம தெருக்களில் என்னென்ன ஓடியது? வேன், கொடி, ஸ்பீக்கர், பிரியாணி, ஆள் கூலி. அதற்கு மேலே இருக்கிறதை நாங்கள் சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும். (இந்த இடத்தில் அரங்கத்தில் சிரிப்பு வந்தது. சிரிக்கிற விஷயமா என்று நாங்கள் கேட்டோம்.) ஆக, வரம்புக்குள்ளே எழுதிக் காட்டுகிற கணக்கு ஒன்று, தெருவில் ஓடுகிற கணக்கு ஒன்று.

எழுதிக் காட்டுகிற கணக்கையாவது நாம பாக்கறோமா? வேட்பாளர் மனுத் தாக்கல் செய்வதற்கு முன்பே தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்குத் தொடங்க வேண்டும். வந்த பணம், போன பணம் தினமும் எழுத வேண்டும். முடிவு வந்து 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம், அதாவது கலெக்டரிடம் கணக்கைக் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் மூணு வருஷம் தேர்தலில் நிற்கத் தடை விதிக்கலாம். அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தேர்தல் நடத்தை விதிகளில் இதற்குப் பார்வைக் கட்டணம் ஒரு ரூபாய் என்று போட்டிருக்கிறது. ஒரு ரூபாய், சகோதரிகளே! அதேபோல் வேட்புமனுவோடு கொடுக்கிற உறுதிமொழிப் பத்திரம். சொத்து, கடன், வருமானம், படிப்பு, வழக்கு எல்லாம் அதில் எழுதணும். கணவன் அல்லது மனைவி பேரில் இருக்கிறதும் எழுதணும். இது சும்மா வந்த வழக்கம் இல்லை. 2002-லும் 2003-லும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் வந்தது. அரசியல் கட்சிகள் அப்போது இதை விரும்பவில்லை. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அந்தப் பத்திரம் இருக்கு. குழுவில் கடன் கேட்கிறவரை "உனக்கு வெளியில என்ன கடன் இருக்கு?" என்று கேட்டுத்தானே கொடுக்கிறோம்?

ஆனால் வேட்பாளர் செலவுக்கு வரம்பு இருக்கே தவிர, கட்சி செலவுக்கு வரம்பு கிடையாது. பெரிய ஓட்டை இதுதான். கட்சிக்குப் பணம் கொடுப்பது யார் என்று தெரியாமலே இருக்கும்படி 2018-ல் தேர்தல் பத்திரம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஸ்டேட் வங்கியில் கம்பெனிக்காரர் பத்திரம் வாங்குவார், கட்சி அதை மாற்றிக்கொள்ளும், யார் யாருக்குக் கொடுத்தது என்று மக்களுக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15-ம் தேதி உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. மார்ச்சில் விவரம் வெளியே வந்தது. 2019 ஏப்ரலிலிருந்து மட்டும் பா.ஜ.க.வுக்குச் சுமார் 6,060 கோடி, திரிணமூல் காங்கிரஸுக்கு 1,600 கோடிக்கு மேல், காங்கிரஸுக்கு 1,420 கோடிக்கு மேல், தி.மு.க.வுக்கு 600 கோடிக்கு மேல், அ.தி.மு.க.வுக்கு 6 கோடி சொச்சம். இந்தியக் கம்யூனிஸ்ட், மார்க்சிஸ்ட் கட்சிகள் வாங்கவில்லை.

அதில் ஒரு விவரம் நம்ம கவனத்துக்கு. நாட்டிலேயே அதிகப் பத்திரம் வாங்கினது கோயம்புத்தூர் லாட்டரி அதிபர் மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் நிறுவனம், 1,368 கோடி. அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு வந்தது என்று அந்தக் கட்சியே தேர்தல் ஆணையத்துக்குக் கொடுத்த விவரத்தில் இருக்கிறது. திரிணமூலுக்கும் அதே கம்பெனி 500 கோடிக்கு மேல் கொடுத்தது. தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டைத் தடை செய்தது 2003-ல். லாட்டரியால் அண்டா குண்டா அடகுக்குப் போன வீடுகளை நம்மில் வயசில் மூத்தவங்க மறந்திருக்க மாட்டீங்க. நம்ம ஊரில் தடை செய்த தொழில், மற்ற மாநிலங்களில் சம்பாதித்து, நம்ம ஊர்க் கட்சிக்குப் பணம் கொடுக்கிறது. அந்தப் பத்திரம் அப்போது சட்டப்படி செல்லும் என்பதும் உண்மை, பேரை மறைக்காமல் சொன்னார்கள் என்பதும் உண்மை. பல பெரிய கட்சிகள் கொடுத்தவர் பேரே தெரியாது என்று எழுதிக் கொடுத்தன. இருந்தாலும், கொடுத்தவர் எதை எதிர்பார்த்துக் கொடுத்தார் என்ற கேள்வியை நாம கேக்காம யார் கேப்பாங்க? 2020 செப்டம்பரில் தி.மு.க. பொருளாளராகத் தேர்வானவர் டி.ஆர்.பாலு. அதனால் அம்பத்தூர்க்காரங்களுக்குக் கேட்கக் கூடுதல் உரிமை இருக்குன்னே சொல்லலாம்.

கட்சியிலிருந்து கட்சிக்கும் பணம் போகுது. 2019 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. கூட்டணிக் கட்சிகளுக்கு 40 கோடி கொடுத்ததாகத் தேர்தல் ஆணையத்தில் கணக்குக் கொடுத்தது. இந்தியக் கம்யூனிஸ்டுக்கு 15 கோடி, மார்க்சிஸ்டுக்கு 10 கோடி, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்கு 15 கோடி. வங்கி வழியாகக் கொடுத்து, எழுதிக் காட்டினதால்தான் நமக்குத் தெரிகிறது. எழுதிக் காட்டாத பணத்துக்கு உதாரணம் வேலூர். அதே 2019-ல், ஒரு கிடங்கில் சுமார் 11 கோடி ரொக்கம் பிடிபட்டு, ஓட்டுப் போட ரெண்டு நாள் இருக்கும்போது வேலூர்த் தேர்தலையே நிறுத்தினார்கள். ஆகஸ்டில்தான் நடந்தது. வார்டு வார்டாகப் பிரித்து வைத்திருந்த பணம் அது.

இப்போது நம்ம கதைக்கு வரணும். தேர்தல் வந்தால் முதலில் தேடி வருவது யாரை? குழுத் தலைவியை. உறுப்பினர் பட்டியல் கேட்பார்கள், ஆதார் ஜெராக்ஸ் கேட்பார்கள், கூட்டத்துக்கு இத்தனை பேர் கூட்டிட்டு வாங்க, தலைக்கு இவ்வளவு என்பார்கள். எந்தக் கட்சி என்று நாங்கள் சொல்லப் போவதில்லை, ஒரு கட்சி மட்டும் இல்லை. நம்ம குழுக்கள் சேமிப்புக்காகச் சேர்ந்தவை. யாருக்கும் ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்சி இல்லை. பட்டியலைக் கொடுக்கக் கூடாது என்று இந்தப் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். ஓட்டுக்குப் பணம் கொடுப்பது குற்றம், வாங்குவதும் குற்றம். ஒரு வருஷம் வரை ஜெயில் போடலாம் என்று சட்டம் சொல்லுது. "வீட்டுக் கஷ்டத்துக்கு வாங்கினா என்ன தப்பு? அது நம்ம காசுதானே" என்று ஒரு அம்மா கேட்டார்கள். நியாயமான கோபம். அது நம்ம காசாகவே இருக்கட்டும். ஆனால் அதைக் கொடுத்தவர் அஞ்சு வருஷத்துக்கு நம்ம கேள்வியையும் சேர்த்து விலைக்கு வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். பிறகு நம்ம மனுவை அவர் பார்க்கிற பார்வையே வேற.

இன்னொரு எச்சரிக்கை, மிக முக்கியம். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் ஆவணமில்லாமல் கொண்டுபோனால் பறக்கும் படை எடுத்துக்கொள்ளும். வங்கியில் எடுத்த குழுக் கடனைக் கைப்பையில் வைத்து ஷேர் ஆட்டோவில் வருவது நம்ம வழக்கம். கோடிக்கணக்கில் போகிற வண்டி தப்பிக்கும், நம்ம பை மாட்டும். அதனால் அந்த மாதங்களில் தீர்மான நகல், வங்கிப் பாஸ்புத்தகம், பணம் எடுத்த சீட்டு மூணும் இல்லாமல் பணம் எடுத்து வரவேண்டாம். முடிந்தவரை உறுப்பினர் கணக்குக்கே மாற்றிவிடுங்கள். அப்படியும் எடுத்துவிட்டால் ரசீது கட்டாயம் கேளுங்கள். மாவட்டத்தில் இதற்கென்று ஒரு குழு இருக்கு, ஆவணம் காட்டினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். புகார் சொல்ல 1950 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம்.

அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி முடிக்கிறோம். செயற்குழுவில் இருந்து நாலு பேர் கலெக்டர் ஆபீஸுக்குப் போய் 2024 தேர்தல் செலவுக் கணக்கைப் பார்க்க மனுக் கொடுக்கிறோம். ரெண்டு தொகுதிக்கும் சேர்த்துத்தான். ஜெயித்தவர் கணக்கு மட்டும் இல்லை, தோற்ற பெரிய கட்சி வேட்பாளர் கணக்கும் கேட்கிறோம், இல்லாவிட்டால் நம்ம மேல் கட்சி முத்திரை குத்திவிடுவார்கள். பார்த்ததை அடுத்த இதழில் எழுதுகிறோம். இதற்கிடையில் ஒவ்வொரு குழுவும் தன் எம்.பி.யிடம் கேட்க ரெண்டு கேள்வியை மாதக் கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஊக்குநர் கையெழுத்தோடு நகலைக் கூட்டமைப்பு ஆபீஸில் கொடுக்கணும். அம்பத்தூர்க் குழுக்கள் தனியா, ஆவடி பூந்தமல்லிக் குழுக்கள் தனியா. தெருக்குழாய் வேண்டாம், ரயில் வங்கி பி.எஃப். மாதிரி அவர் செய்யக்கூடிய விஷயமா இருக்கட்டும். எழுதத் தெரியாத குழுவுக்கு எங்க ஆள் வந்து எழுதித் தரும்.